நீளும் மாவின் மரபணுக்கள்

தக்கலையில் கோதுமை விளைவதில்லை. கல்குளம் தாலுகாவின் தாழ்வயல்களில் நெல். மேட்டில் தென்னை, வாழை, ரப்பர், மரச்சீனி. பத்மநாபபுரம் புத்தனார் கால்வாய் பாயும் வழியில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு நெற்போகம்தான் உழவர் கணக்கு. ஆனால் பொழுது சாய்ந்து, நாகர்கோவில்–திருவனந்தபுரம் சாலையோரக் கடைகளில் கல் சூடேறியதும் இலைக்கு வருவது பொறோட்டா. ஒரு கதிர்கூட விளையாத ஊரில் கோதுமை இரவு உணவாகிவிட்டது.

அந்தக் கடைகளில் மாஸ்டர் மாவு வீசுவதை நின்று பார்க்க வேண்டும். எண்ணெயில் ஊறிய உருண்டையைத் தட்டி, ஓரம் பிடித்து நாலைந்து வீச்சு வீசினால், அடியில் உள்ள பலகை தெரியும் அளவுக்கு மெலிந்த விரிப்பாகிறது. கிழிவதில்லை. கையை எடுத்தால் சற்றே பின்னால் சுருங்குகிறது. இழுத்தால் நீள்வதும் விட்டால் சுருங்குவதும் ஒரே மாவில் இருக்கும் இரண்டு குணங்கள். பச்சரிசி மாவில் இதை முயன்றால் முதல் இழுப்பிலேயே பிட்டுப்போகும். இடியாப்பத்துக்கும் கொழுக்கட்டைக்கும் நம் வீடுகளில் கொதிநீர் ஊற்றிப் பிசைவது அதனால்தான். அங்கே மாவைப் பிடித்து நிறுத்துவது பாதி வெந்த மாவுச்சத்து. பொறோட்டாவில் பிடித்து நிறுத்துவது புரதம்.

அந்தப் புரதத்தை எங்கே, எப்போது, எவ்வளவு செய்வது என்று கோதுமைச் செடி எப்படித் தீர்மானிக்கிறது என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள். ஒரு ரகத்தில் என்னென்ன மரபணுக்கள் இருக்கின்றன என்ற பட்டியல் பாதிக் கதைதான். அவை எந்த நாளில் விழிக்கின்றன, எவ்வளவு காலம் விழித்திருக்கின்றன, எந்த உரத்துக்கும் எந்த வெயிலுக்கும் எப்படி மாறுகின்றன என்பது மீதிப் பாதி. மாஸ்டரின் கை உணர்வது இந்த இரண்டும் சேர்ந்த விளைவை.

கோதுமை தெற்கே வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தக்கலை அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூர் தன் அரிசித் தேவையில் பெரும்பங்கை வெளியிலிருந்து, முக்கியமாகப் பர்மாவிலிருந்து, வாங்கிவந்த சமஸ்தானம். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானதும் அந்த வழி அடைபட்டது. ரேஷன் வந்தது, மரச்சீனி பசியாற்றியது, சோறு பழகிய வாய்கள் கோதுமைக்கும் பழக வேண்டியிருந்தது. 1956இல் அமெரிக்காவுடன் பி.எல். 480 என்ற உணவு உதவி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று தக்கலை உட்பட குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. அடுத்த பத்தாண்டுகளில் கப்பல்களில் வந்திறங்கிய கோதுமையும், அதற்குப் பின் நம் நாட்டிலேயே பெருகிய கோதுமையும் மாவு ஆலைகளில் மைதாவாகித் தெருக்கடைகளை எட்டின.

இனி மாவுக்குள் போவோம். ஒரு கைப்பிடி மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து, அரை மணி நேரம் ஊறவிட்டு, தண்ணீருக்குள் வைத்துக் கசக்கிக் கழுவிப் பாருங்கள். முதலில் நீர் வெள்ளையாக ஓடும், அது மாவுச்சத்து. நீர் தெளிந்த பிறகும் கையில் கரையாமல் ஒன்று மிஞ்சும்: சாம்பல் நிறத்தில், ஒட்டிக்கொண்டு, இழுத்தால் நீள்கிற ஒரு பிசின். அதுதான் குளூட்டன். இத்தாலியின் பொலோனியாவில் ஜக்கோப்போ பெக்காரி 1728இல் இதே முறையில் பிரித்தெடுத்து, விலங்குப் பொருளை ஒத்த ஒன்று தாவரத்துக்குள் இருக்கிறது என்று சொன்னபோது, அது அன்றைய அறிஞர்களுக்குப் புதிய செய்தி. அரிசி மாவைப் பிசைந்து இப்படிக் கழுவினால் கையில் பிசின் எதுவும் நிற்காது.

இந்தப் பிசினை நுட்பமாக ஆராய்ந்தவர் அமெரிக்காவின் கனெக்டிகட் வேளாண் ஆய்வு நிலையத்தில் வாழ்நாளைக் கழித்த தாமஸ் பர் ஆஸ்போர்ன். எது நீரில் கரைகிறது, எது உப்புநீரில், எது ஆல்கஹால் கலந்த நீரில், எது இவை எதிலும் கரையாமல் காரத்திலோ அமிலத்திலோ மட்டும் கரைகிறது என்று விதைப் புரதங்களை அவர் நான்காகப் பிரித்தார். கோதுமைப் புரதங்களைப் பற்றிய அவருடைய நூல் 1907இல் வந்தது. அந்தப் பகுப்பு இன்றும் ஆய்வகங்களில் புழங்குகிறது. ஆல்கஹாலில் கரைவது கிளையடின். கரையாமல் நிற்பது குளூட்டெனின். இரண்டும் சேர்ந்ததே குளூட்டன்.

கிளையடின் மூலக்கூறுகள் தனித்தனியே மடிந்து கிடப்பவை. ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். மாவு நீள்வது பெரும்பாலும் அவற்றால். குளூட்டெனினோ பல துணையலகுகள் ஒன்றோடொன்று கந்தக அணுக்களால் பிணைந்து உருவாகும் மிக நீண்ட சங்கிலி. இயற்கையில் நாம் அறிந்த மிகப் பெரிய புரத மூலக்கூறுகளில் ஒன்று. மாவு திரும்பச் சுருங்குவது அதனால். பிசையும்போது சங்கிலிகள் நீண்டு வரிசைப்படுகின்றன; ஊறவிடும்போது இறுக்கம் தளர்கிறது. மாவு சரியாக ஊறாவிட்டால் வீச்சில் கிழியும் என்று மாஸ்டர்கள் சொல்வது இந்தச் சங்கிலிகளைப் பற்றிய துல்லியமான கூற்று.

செடி இந்தப் புரதத்தைச் செய்வது தன் குஞ்சுக்காக. மண்ணில் விழுந்த விதை முளைத்து, வேர்விட்டுத் தானே நைட்ரஜனை உறிஞ்சத் தொடங்கும்வரை அதற்குக் கட்டுச்சோறு வேண்டும். குளூட்டன் புரதங்களில் ஏறத்தாழப் பாதி அமினோ அமிலங்கள் குளூட்டமினும் புரோலினும்தான். குளூட்டமினில் ஒன்றுக்கு இரண்டு நைட்ரஜன் அணுக்கள். குறைந்த இடத்தில் நிறைய நைட்ரஜனைச் சேர்த்துவைக்க ஏற்ற பொருள். முளைவிதைக்கு இது போதும். மனித உடலுக்குத் தேவையான லைசின் இதில் மிகக் குறைவு. கோதுமைப் பண்டத்தோடு பயறோ கடலையோ இறைச்சியோ சேர்ந்தால்தான் நமக்குப் புரதம் நிறைவாகக் கிடைக்கும்.

சேமிப்பு நடக்கும் இடம் விதையின் முளைசூழ்தசை. நாம் மைதாவாகத் தின்பது இதைத்தான். ரொட்டிக் கோதுமையின் சாதாரணச் செல்லில் 42 குரோமோசோம்கள். முளைசூழ்தசைச் செல்லில் 63. தாயிடமிருந்து இரண்டு பங்கும் தந்தையிடமிருந்து ஒரு பங்கும் வந்து சேர்வதால் இந்தக் கணக்கு. எந்தச் செடியைத் தாயாக வைத்துக் கலப்பினம் செய்கிறோம் என்பது அந்த முதல் தலைமுறை மணியின் புரதத்திலேயே தெரிவதற்கு இதுவே காரணம்.

பூத்து மகரந்தம் சேர்ந்த முதல் வாரம் செல்கள் பிரிந்து பெருகும் காலம். பத்தாம் நாளையொட்டிச் சேமிப்புப் புரத மரபணுக்கள் விழிக்கின்றன. அடுத்த இரண்டு மூன்று வாரங்கள் தூது ஆர்.என்.ஏ. வெள்ளமாக வருகிறது, புரதம் செல்லுக்குள் சிறு உருண்டைகளாகத் திரள்கிறது. பிறகு மணி காய்கிறது, முளைசூழ்தசைச் செல்கள் இறக்கின்றன, புரதம் மாவுச்சத்து மணிகளுக்கிடையே வலைபோல் உறைந்து நிற்கிறது. வடக்கில் இது பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடக்கும். தக்கலைக் கடையின் மைதா எப்படி நீளும் என்பது பஞ்சாபிலோ மத்தியப் பிரதேசத்திலோ ஒரு வயலில் அந்தச் சில வாரங்களுக்குள் முடிவாகிவிடுகிறது.

எந்த மரபணுக்கள்? கோதுமையின் ஜீனோம் ஏறத்தாழ 1,600 கோடி எழுத்துகள் கொண்டது. நெல்லின் ஜீனோமைப் போல 40 மடங்கு. மூன்று மூதாதைப் புற்கள் கொடுத்த ஏ, பி, டி என்ற மூன்று ஜீனோம்கள் அதற்குள் அருகருகே வாழ்கின்றன. 2018இல்தான் அதன் முழு வரிசை ஒழுங்காக வாசித்து வெளியிடப்பட்டது. ஆனால் பொறோட்டாவுக்குத் தேவையான மரபணுக்களை அதற்கு வெகுமுன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். கேம்பிரிட்ஜ் தாவர இனவிருத்தி நிலையத்தில் பீட்டர் பெய்னும் குழுவினரும் 1970களின் இறுதியிலிருந்து, ஒவ்வொரு கோதுமை ரகத்தின் குளூட்டெனினையும் மின்புலத்தில் ஓடவிட்டு, பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டைக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். எடைமிகு குளூட்டெனின் துணையலகுகள் எனப்படும் பெரிய புரதங்களின் மரபணுக்கள் முதல் தொகுதிக் குரோமோசோம்களின் நீண்ட கையில் இருக்கின்றன. சிறிய குளூட்டெனின்களும் கிளையடின்களில் ஒரு பகுதியும் அதே குரோமோசோம்களின் குட்டைக் கையில். மீதிக் கிளையடின்கள் ஆறாம் தொகுதியில்.

எடைமிகு துணையலகுகள் மொத்த மணிப் புரதத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் பிரிட்டன் ரகங்களுக்கிடையே ரொட்டித் தரத்தில் இருந்த வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதியை அவற்றைக் கொண்டே விளக்க முடிந்தது. டி ஜீனோமில் 5+10 என்ற இணை இருந்தால் மாவு உறுதியாக இருக்கும். அதே இடத்தில் 2+12 இருந்தால் மென்மையாக இருக்கும். 5ஆம் துணையலகில் பிணைப்புக்கு உதவும் கந்தகமுள்ள அமினோ அமிலம், சிஸ்டீன், ஒன்று கூடுதலாக இருப்பது இதற்கு ஒரு காரணம்.

உறுதி கூடினால் எல்லாவற்றுக்கும் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. பன் உப்ப உறுதி வேண்டும். சப்பாத்திக்கு அவ்வளவு வேண்டாம். சப்பாத்திக்குப் பேர்போன சி 306 ரகத்தில் இருப்பது 2+12 இணை. பிஸ்கட்டுக்கோ உறுதியே பகை. இந்தியத் துணைக்கண்டத்து நாட்டுரகமான நாப் ஹாலில் டி ஜீனோமின் இந்த இரண்டு துணையலகுகளுமே கிடையாது. உழவர்கள் பிஸ்கட்டை நினைத்தா அதைக் காப்பாற்றினார்கள்? இல்லை. ஆனால் அவர்கள் விதை மாற்றாமல் விதைத்துவந்ததால், கர்னாலில் உள்ள இந்திய கோதுமை, பார்லி ஆராய்ச்சி நிலையத்தார் அந்த வெற்றிடத்தைப் பிஸ்கட் கோதுமை உருவாக்க எடுத்தாள முடிந்தது. இல்லாத மரபணுவும் ஒரு செல்வம் என்பதை நாட்டுரகங்களைப் பேசும்போது நாம் போதிய அளவு சொல்வதில்லை.

பொறோட்டா இவற்றுக்கு நடுவில் நிற்கிறது. வீசும்போது தாராளமாக நீள வேண்டும், அதே சமயம் கிழியாமலும் இருக்க வேண்டும். கிளையடினும் குளூட்டெனினும் எந்த விகிதத்தில் வந்திருக்கின்றன என்பது இங்கே மற்ற எந்தப் பண்டத்தையும்விட முக்கியம்.

விகிதம் என்றதும் நாம் மரபணுக்களின் பட்டியலைத் தாண்டி வந்துவிடுகிறோம். குளூட்டெனின் மரபணு கோதுமையின் வேரிலும் இருக்கிறது, இலையிலும் இருக்கிறது, ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது. வேரில் ஏன் குளூட்டன் இல்லை? ஒவ்வொரு மரபணுவுக்கும் முன்னால் அதைத் திறக்கவும் மூடவும் பயன்படும் ஒரு நீளப் பகுதி உண்டு: புரொமோட்டர். நாஞ்சில் நாட்டு வயல்களை அறிந்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. கால்வாயில் நீர் எல்லோருக்கும் பொதுவாக ஓடுகிறது. எந்த வயலுக்கு எந்த நாளில் எவ்வளவு பாயும் என்பதை அந்தந்த வயலின் மடை முடிவு செய்கிறது. மடை இருந்தால் மட்டும் போதாது, அதைத் திறக்க ஆள் வர வேண்டும். புரொமோட்டர் மடை என்றால், அதைத் திறக்க வருபவை படியெடுப்புக் காரணிகள் எனப்படும் புரதங்கள்.

1987இல் கேம்பிரிட்ஜில் வின்சென்ட் கொலோவும் உடன் ஆய்வாளர்களும் குளூட்டெனின் மரபணுக்களின் புரொமோட்டர்களைப் புகையிலைச் செடிக்குள் வைத்துப் பார்த்தார்கள். புகையிலை புல்லினம் அல்ல. கோதுமையிலிருந்து பரிணாமத்தில் வெகுதூரம் விலகிய செடி. அதிலும் அந்தப் புரொமோட்டர்கள் இலையில் வேலை செய்யவில்லை, தண்டில் வேலை செய்யவில்லை. விதையின் முளைசூழ்தசையில் மட்டும் விழித்தன. இந்தச் சோதனையை நான் மிகவும் மதிக்கிறேன். 'முளைசூழ்தசையில் மட்டும்' என்ற கட்டளை சில நூறு எழுத்துகளுக்குள் எழுதப்பட்டிருக்கிறது என்பதும், அதை வாசிக்கத் தெரிந்த காரணிகள் பூக்கும் தாவரங்களில் மிகப் பழையவை என்பதும் ஒரே சோதனையில் தெரிந்துவிட்டன.

அந்தச் சில நூறு எழுத்துகளுக்குள் என்ன இருக்கிறது? பல சேமிப்புப் புரத மரபணுக்களில், படியெடுப்பு தொடங்கும் புள்ளிக்குச் சுமார் 300 எழுத்துகள் முன்னால், இரண்டு குறுந்தொடர்கள் அருகருகே உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று டி-ஜி-டி-ஏ-ஏ-ஏ-ஜி என்ற ஏழு எழுத்து. புரோலமின் பெட்டி என்பது அதன் பெயர். மற்றது ஈஸ்டில் அமினோ அமிலத் தட்டுப்பாட்டின்போது வேலை செய்யும் ஜி.சி.என்.4 என்ற காரணி உட்காரும் தொடரை ஒத்தது. முதலாவதில் உட்காருவது பி.பி.எஃப். என்ற காரணி. இரண்டாவதில் உட்காருவது எஸ்.பி.ஏ., அதாவது சேமிப்புப் புரதத் தூண்டி. கோதுமையில் இதை 1997இல் கண்டறிந்தார்கள். இவற்றோடு மிப், நாக் என்ற குடும்பங்களைச் சேர்ந்த வேறு காரணிகளும் வந்து சேர்கின்றன. தனியாக எதுவும் முழுதாகத் திறப்பதில்லை. கூடி நின்றால்தான் வெள்ளம்.

இதற்கும் முன்னதாக ஒரு காவல் இருக்கிறது. இலையிலும் வேரிலும் இந்த மரபணுக்களின் டி.என்.ஏ. மீது மீத்தைல் குறிகள் ஒட்டியிருக்கும். காரணிகள் வந்தாலும் உட்கார முடியாது. முளைசூழ்தசையில் டிமீட்டர் என்ற நொதி அந்தக் குறிகளை நீக்குகிறது. கிரேக்கரின் தானிய தெய்வத்தின் பெயர் அதற்கு. 2012இல் அமெரிக்காவில் டீட்டர் ஃபான் வெட்ஸ்டைனின் குழு கோதுமையில் இந்த நொதியை அடக்கியபோது, கிளையடினும் சிறு குளூட்டெனினும் பெருமளவு குறைந்தன. புரத மரபணுக்கள் ஒன்றையும் அவர்கள் தொடவில்லை.

நம் நெல்லிலும் இதே எழுத்துகள்தான். திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ரகமானாலும் வயலில் நிற்கும் வேறு எந்த நெல்லானாலும், அதன் சேமிப்புப் புரத மரபணுக்களுக்கு முன்னாலும் அதே புரோலமின் பெட்டியும் ஜி.சி.என்.4 தொடரும் இருக்கின்றன, எஸ்.பி.ஏ.யின் உறவான ஒரு காரணியும் பி.பி.எஃப்.பின் உறவான ஒரு காரணியும் அவற்றைத் திறக்கின்றன. திறந்ததும் வெளிவரும் புரதம்தான் வேறு. நெல் பெரும்பகுதி சேமிப்பது குளூட்டெலின். பயறு வகைகளின் புரதத்துக்கு உறவானது அது, நீண்ட சங்கிலியாகப் பிணைவதில்லை. எடைமிகு குளூட்டெனினுக்கு இணையான எதுவும் நெல்லில் இல்லை. திறக்கும் முறை பொது. திறந்த பின் கிடைப்பதில்தான் ஆப்பமும் பொறோட்டாவும் பிரிகின்றன.

ஒற்றைக் காரணி மாறினால் ஒரு தானியம் முழுதும் எப்படி மாறும் என்பதை மக்காச்சோளம் முன்பே காட்டியிருந்தது. 1964இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் மெர்ட்ஸ், பேட்ஸ், நெல்சன் மூவரும், ஒபேக்-2 என்ற திரிபுள்ள மக்காச்சோளத்தில் லைசின் வழக்கத்தைவிட வெகுவாகக் கூடியிருப்பதைக் கண்டார்கள். லைசின் இல்லாத சேமிப்புப் புரதமான ஸெயின் சரிந்ததும், அந்த இடத்தை மற்றப் புரதங்கள் நிரப்பியிருந்தன. ஒபேக்-2 என்பது ஒரு படியெடுப்புக் காரணி, எஸ்.பி.ஏ.யின் நெருங்கிய உறவு என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. லைசின் கூடிய மக்காச்சோளம் கிடைத்தது, ஊட்டக்குறைவால் குழந்தைகள் வாடிய காலத்தில். இந்தியா 1971இல் சக்தி, ரத்தன், புரோட்டினா என்று மூன்று ஒபேக்-2 ரகங்களை வெளியிட்டது. மணி மாவாக, மென்மையாக இருந்ததால் வண்டு எளிதில் துளைத்தது, எடை குறைந்தது, உழவர்கள் ஏற்கவில்லை. மணியைக் கெட்டியாக்கும் வேறு மரபணுக்களைத் தேடிச் சேர்க்கும் பொறுமையான வேலையை மெக்சிகோவில் உள்ள சிமிட் என்ற மக்காச்சோள, கோதுமை ஆராய்ச்சி நிலையத்தில் இந்தியரான சுரிந்தர் வாசலும் எவாஞ்சலினா வில்லேகாசும் செய்தார்கள். 2000ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. ஒரு முதன்மைக் காரணியை நிறுத்தினால் நாம் விரும்பும் மாற்றம் மட்டும் வந்து நிற்காது. கோதுமையில் வேலை செய்பவர்கள் மறக்கக் கூடாத அனுபவம் இது.

மடை பாதி திறப்பதும் முழுக்கத் திறப்பதும் செடி மண்ணில் காணும் நிலையைப் பொறுத்தது. 1993இல் பார்லியில் செய்த ஆய்வு இதை அழகாகக் காட்டியது. நைட்ரஜன் தாராளமாக இருக்கும்போது ஜி.சி.என்.4 தொடர் மரபணுவைத் தூண்டுகிறது. நைட்ரஜன் குறையும்போது அதே தொடர் அதே மரபணுவை அடக்குகிறது. எழுத்து மாறவில்லை, அதில் வந்து உட்காருவது மாறுகிறது. கதிர் வரும் பருவத்தில் உழவர் தூவும் கடைசி மேலுரம் இந்தப் புள்ளியில்தான் போய்த் தொடுகிறது.

கந்தகத்தின் கதை இன்னும் சுவையானது. கந்தகம் பற்றாமல் நைட்ரஜன் மட்டும் மிகுந்தால், செடி கந்தகம் குறைவாகத் தேவைப்படும் ஒமேகா கிளையடினையும் எடைமிகு குளூட்டெனினையும் கூட்டி, கந்தகம் நிறைந்த மற்ற கிளையடின்களையும் சிறு குளூட்டெனின்களையும் குறைக்கிறது. மொத்தப் புரத அளவு மாறாமலே மாவு முரடாகி, நீள மறுக்கும். பிரிட்டனில் 1980களிலிருந்து நிலக்கரிப் புகையின் கந்தகத்தைக் கட்டுப்படுத்தியதும் காற்று தூய்மையானது. அதுவரை மழையோடு இலவசமாக வயலுக்கு வந்துகொண்டிருந்த கந்தகமும் நின்றது. கோதுமைக்குத் தனியே கந்தக உரம் இட வேண்டிய நிலை வந்தது. நம் நாட்டில் காரணம் வேறு. பழைய அம்மோனியம் சல்பேட்டிலும் சூப்பர் பாஸ்பேட்டிலும் கந்தகம் உண்டு. அவற்றின் இடத்தைப் பிடித்த யூரியாவில் அது துளியும் இல்லை, டி.ஏ.பி.யில் இல்லை என்றே சொல்லலாம். மாவு ஆலை புரதச் சதவீதம் பார்த்துக் கோதுமை வாங்கும்போது இந்த மாற்றம் கண்ணில் படாது. சதவீதத்தை மட்டும் நம்புவது தவறு.

அடுத்தது வெயில். மணி நிரம்பும் நாள்களில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால், மாவுச்சத்துச் சேர்க்கை முன்னதாகவே நின்றுவிடும்; மணி சுருங்கும். மாவுச்சத்து குறைவதால் புரதத்தின் சதவீதம் கூடித் தெரியும். ஆனால் கிளையடின் மிகுந்து, நீண்ட குளூட்டெனின் சங்கிலிகள் போதிய அளவு உருவாகாமல் மாவு தளர்ந்துபோகும். 2022 மார்ச், இந்தியாவில் அளவீடு தொடங்கிய 1901க்குப் பின் பகல் வெப்பம் மிக அதிகமாக இருந்த மார்ச். விளைச்சல் சரிந்து, மே 13 அன்று அரசு கோதுமை ஏற்றுமதியை நிறுத்தியது. செய்திகள் டன் கணக்கைப் பேசின. அந்த மணிகளுக்குள் விகிதம் எப்படி மாறியிருந்தது என்பதும் சமமான கவலைக்குரியது. பிசைபவர் கைக்குத்தான் அது போய்ச் சேர்கிறது.

அளவைக் கூட்ட இயற்கை கையாண்ட இன்னொரு வழி மரபணுவையே இரட்டிப்பது. கனடாவின் கிளென்லீ ரகம் அசாதாரண உறுதிகொண்ட மாவுக்குப் பெயர்பெற்றது. அதில் பி ஜீனோமின் 7ஆம் துணையலகு மற்ற ரகங்களைவிட அதிகமாக உற்பத்தியாகிறது. ஆராய்ந்தபோது, அந்த மரபணு இருக்கும் துண்டு முழுவதும் குரோமோசோமில் இருமுறை எழுதப்பட்டிருந்தது; இடம்விட்டு இடம் தாவும் ஒரு டி.என்.ஏ. துண்டு அருகில் இருந்ததால் நேர்ந்த பிசகு அது. எதிர்த்திசையிலும் உதாரணம் உண்டு. ரொட்டிக் கோதுமையில் எடைமிகு குளூட்டெனின் மரபணுக்கள் மொத்தம் ஆறு. ஏ ஜீனோமில் உள்ள இரண்டில் ஒன்று எப்போதும் ஊமை. அதனால் பெரும்பாலான ரகங்களில் மூன்று முதல் ஐந்து வரைதான் பேசும்.

மணிக்குள் மடை திறந்திருந்தாலும் இலையிலிருந்து நைட்ரஜன் வந்து சேர வேண்டும். இஸ்ரேலின் காட்டு எம்மர் கோதுமையில் புரதம் மிகுந்திருப்பது ஏன் என்று தேடிய ஹோர்ஹே துப்கோவ்ஸ்கி, கிறிஸ்டோபல் வாவி குழுவினர் 2006இல் நாம்-பி1 என்ற மரபணுவை அடையாளம் கண்டார்கள். அது ஒரு நாக் குடும்பக் காரணி. இலை பழுப்பதையும், இலையின் நைட்ரஜனும் இரும்பும் துத்தநாகமும் கதிருக்கு ஏறுவதையும் விரைவுபடுத்துவது அதன் பணி. நாம் இன்று பயிரிடும் கோதுமையில் அந்த மரபணு பெரும்பாலும் சிதைந்தோ இல்லாமலோ இருக்கிறது. இதே குடும்பத்தின் பிரதிகளைக் கோதுமையில் அடக்கிப் பார்த்தபோது இலை மூன்று வாரத்துக்கு மேல் பச்சையாகவே நின்றது; மணியில் புரதமும் இரும்பும் துத்தநாகமும் 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. இலை அதிக நாள் பச்சையாக இருந்தால் மணி பெருக்கும் என்று உழவர் தேர்ந்தெடுத்த வழியில் இந்தச் சத்து கைவிட்டுப் போயிருக்கலாம். அந்த மரபணுவை, மார்க்கர் எனப்படும் டி.என்.ஏ. அடையாளங்களின் உதவியுடன், இந்திய ரகங்களுக்குத் திருப்பிச் சேர்க்கும் பணி நடந்திருக்கிறது. என் பார்வையில் இந்த நூற்றாண்டுக் கோதுமை ஆய்வில் மிகப் பயனுள்ள பணிகளில் ஒன்று இது.

தமிழ்நாட்டில் விளையும் கோதுமையையும் இங்கே சொல்ல வேண்டும். நீலகிரியில் வெலிங்டன் அருகே இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நிலையம் 1954 முதல் இயங்குகிறது. கோதுமைத் துருநோய் தென்னக மலைகளில் ஆண்டு முழுதும் உயிர்வாழ்வதால் அதை எதிர்க்கும் ரகங்களைச் சோதிக்க ஏற்ற இடம். நாம் சம்பா கோதுமை என்று ரவைக்கும் கஞ்சிக்கும் வாங்கும் பழைய வகை எம்மர் இனம்; அந்த நிலையம் தந்த நீலகிரி கப்ளி அதில் ஒரு ரகம். எம்மரில் ஏ, பி ஜீனோம்கள் மட்டுமே உண்டு. டி ஜீனோம் இல்லை, ஆகவே 5+10உம் இல்லை, 2+12உம் இல்லை. சம்பா கோதுமை மாவை எவ்வளவு ஊறவைத்தாலும் பொறோட்டாவாக வீச முடியாது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் காஸ்பியன் கடலோரப் பக்கம் எம்மரோடு ஓர் ஆட்டுப்புல் தற்செயலாகக் கலந்தபோது வந்தது டி ஜீனோம். பொறோட்டாவின் நீட்சி அந்தப் புல்லின் கொடை.

இதே புரதங்கள் சிலருக்கு நோய் தருகின்றன. புரோலின் மிகுந்திருப்பதால் கிளையடினின் சில துண்டுகளை நம் செரிமான நொதிகளால் முழுதாக வெட்ட முடிவதில்லை. குறிப்பிட்ட மரபுவகை உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு அந்தத் துண்டுகள் குடலின் தற்காப்பைக் கிளறிவிட, சீலியாக் நோய் வருகிறது. 2016இல் வெளியான ஓர் ஆய்வு நமக்கு முக்கியமானது. அதன் தென்னிந்தியப் பகுதி வேலூரில் நடந்தது. நோயின் எதிர்ப்பொருள் வடக்கே 1.23 சதவீதத்தினரிடமும், தெற்கே 0.10 சதவீதத்தினரிடமும் காணப்பட்டது. நோய்க்கு இடம்கொடுக்கும் மரபுவகையோ இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு, மூன்றில் ஒருவருக்கு மேல். வேறுபட்டது கோதுமை உணவின் அளவு: வடக்கே நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம், தெற்கே 25 கிராம். பொறோட்டா பெருகும் தெற்கில், நீடித்த வயிற்றுப்போக்கும் இரத்தசோகையுமாக வரும் குழந்தையிடம் இந்த நோயையும் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பதை மருத்துவர்கள் மனத்தில் கொள்வது நல்லது.

இங்கே கட்டுப்பாட்டு அறிவு நேரடியாக உதவுகிறது. ஸ்பெயினின் கோர்தோபாவில் 2018இல் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையால் ஆல்ஃபா கிளையடின் மரபணுக்களைத் தாக்கினார்கள். 45 மரபணுக்களில் 35 வரை ஒரே செடியில் மாற்றம் கண்டன, நோய்த்தூண்டல் 85 சதவீதம் குறைந்தது. மரபணுக்களை ஒவ்வொன்றாகத் துரத்துவது கடும் உழைப்பு. 2019இல் இன்னொரு குழு வேறு வழியில் போனது. அவர்கள் கைவைத்தது பி.பி.எஃப். காரணியில், புரோலமின் பெட்டியைத் திறக்கும் அதே காரணியில். கிளையடினும் சிறு குளூட்டெனினும் 50 முதல் 60 சதவீதம் குறைந்தன, லைசின் கூடியது. எடைமிகு குளூட்டெனினின் மடையைத் திறக்கப் பெரும்பாலும் வேறு காரணிகள் இருப்பதால் அது நிலைத்து நின்றது. சீலியாக் நோயாளிக்கு இந்த மாவும் இன்னும் பாதுகாப்பானதல்ல. கிளையடின் பாதி மீதம் இருக்கிறது. ஆனால் சுருங்கும் குணத்தைத் தரும் புரதத்தை வைத்துக்கொண்டு, நோய்த்தூண்டும் புரதத்தைத் தனியே குறைக்க முடியும் என்பது இப்போது செடியிலேயே தெரிகிறது. அந்த மாவு எவ்வளவு நீளும் என்பதுதான் அடுத்த கேள்வி. கிளையடின் குறைந்த இடத்தில் நீட்சியை எதைக் கொண்டு ஈடுசெய்வது என்பதில் இனவிருத்தியாளர்கள் இன்று உழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.